தன்மைப் பெயரும் பால் தோற்றமும்: ‘ஓரான் உயர்நிலைப் பள்ளி ஹோஸ்ட் கிளப்’ அனிமேயும் தமிழாக்கச் சிக்கலும்

முன்னுரை

ஹதோரி பிஸ்கோவின் மங்காவைத் தழுவி 2006ஆம் ஆண்டு 26 பகுதிகளாக ஜப்பானில் ஒளிபரப்பான காதல் நகைச்சுவைத் தொடர் ‘ஓரான் உயர்நிலைப் பள்ளி ஹோஸ்ட் கிளப்’. செல்வர் பிள்ளைகள் பயிலும் பள்ளியில் உதவித்தொகையால் சேர்ந்த ஹருஹி, 80 இலட்சம் யென் மதிப்புள்ள பூச்சாடியை உடைத்துவிடுகிறாள். குட்டை முடி கண்டு அவளை ஆண் எனக் கருதும் கிளப் மாணவர்கள், கடனுக்கு ஈடாக, மாணவியரை இன்சொல்லால் மகிழ்விக்கும் பணியில் அமர்த்துகின்றனர். உண்மை தெரிந்த பின்னரும் வேடம் தொடர்கிறது. இத்தொடரில் பால் தோற்றத்தை மொழி கட்டமைக்கும் முறையையும், தமிழில் அது அடையும் மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வேடமாகும் ஆண்மை

கிளப்பில் தமாகி இளவரசனாகவும், ஹனி குழந்தைத்தனம் மிக்கவனாகவும், மோரி பேசா வீரனாகவும் தோன்றுகின்றனர். ஆண்மை இங்கு வாடிக்கையாளர் விரும்பித் தேரும் வேடமாகிறது. பெண்களே ஆண் வேடமும் ஏற்கும் தகராசுகா அரங்கு 1914 முதல் ஜப்பானில் நிலைபெற்றது. அதனையும் இத்தொடர் பகடி செய்கிறது. இவர்களிடையே ஹருஹி மட்டும் இயல்பாகப் பேசியே மாணவியரைக் கவர்கிறாள்.

தன்மையில் பால்

ஜப்பானிய மொழியில் பேசுவோர் தம்மைச் சுட்டும் சொல்லைத் தேர்ந்துகொள்கின்றனர். ‘ஓரே’ முரட்டு ஆண்மையையும், ‘அதாஷி’ பெண்மையையும் உணர்த்தும். ஹருஹி பெரிதும் ஆள்வது பால் காட்டாத ‘ஜிபுன்’. இனித் தன்னை ‘ஓரே’ என்று சொல்லலாமோ என அவள் விளையாட்டாய்க் கூறும்போது தமாகி பதறுகிறான். ஒரு சொல்லின் மாற்றமே நகைச்சுவையாகிறது.

தமிழில் ‘நான்’ யாவர்க்கும் பொது. எல்லோரும் பொதுச்சொல்லையே ஆளுமிடத்தில், ஹருஹி பொதுச்சொல்லைத் தேர்ந்தாள் என்பது புலப்படாது. ‘அடா’, ‘அடி’ போன்ற விளிகளும் கேட்பவர் பாலையே காட்டுமாதலின் இவ்விழப்பை ஈடுசெய்யா.

படர்க்கையில் பால்

ஜப்பானிய வினை பால் காட்டாது. தமிழ்ப் படர்க்கை வினைமுற்றோ ‘வந்தான்’, ‘வந்தாள்’ எனப் பிரித்துரைக்கும். எனவே ஹருஹியைப் பற்றிய ஒவ்வொரு தொடரிலும் மொழிபெயர்ப்பாளர் முடிவெடுக்க நேர்கிறது. இதனைப் பயனாக்கவும் இயலும். கிளப் மாணவர்கள் வாடிக்கையாளர்முன் ‘வந்தான்’ என்றும் தனிமையில் ‘வந்தாள்’ என்றும் பேசினால், மறைப்பு செவிக்கே புலனாகும். அவளை ஆணென நம்பி விரும்பும் மாணவியர் வாயில் ‘வந்தார்’ இயல்பாகவே பொருந்தும். அவ்வீறு இருபாலுக்கும் உரியது.

முடிவுரை

ஜப்பானிய மூலத்தில் தன்னைச் சுட்டும் உரிமை ஹருஹியிடம் உள்ளது. தமிழில் அவளது பாலைச் சுட்டும் பொறுப்பு பிறரிடம் சேர்கிறது. பிறர் தன்னை ஆணாகக் கொண்டாலும் பெண்ணாகக் கொண்டாலும் பொருட்படுத்தாத ஒரு பாத்திரத்திற்கு இது சிறிய மாற்றமன்று. ஆகவே, ஈறுகளை உரையாடல்தோறும் பேசுவோரின் அறிவுநிலைக்கேற்ப வரையறுத்துக்கொள்வது இத்தகைய தொடர்களின் தமிழாக்கத்திற்கு முதற்படியாகும்.