சந்தையின் பயத்தை அளக்கும் 'விக்ஸ்'



டிவி செய்தியில் "இன்று விக்ஸ் ஏறிவிட்டது" என்று சொல்வதைச் சிலர் கேட்டிருப்பீர்கள். இது சளிக்குத் தடவும் தைலம் இல்லைங்க. பங்குச் சந்தை எவ்வளவு ஏறி இறங்கும் என்று எதிர்பார்க்கிறார்கள் என்பதைக் காட்டும் எண். செல்போனிலேயே ஆப்ஷன் வியாபாரம் செய்யலாம் என்று ஆசை காட்டுபவர்கள் இப்போது அதிகம். நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இறங்குகிறார்கள். அதனால் நாமும் இதைத் தெரிந்துகொள்வோம்.

ஆப்ஷன் என்றால் என்ன?

நம்மிடம் ஒரு மூட்டை நிலக்கடலை இருக்கிறது. இன்றைய விலை 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மாதம் விலை விழுந்துவிடுமோ என்று பயம். ஒரு வியாபாரியிடம் 100 ரூபாய் கொடுத்து, "விலை என்ன ஆனாலும் அடுத்த மாசம் 3,000-க்கு நீங்க வாங்கிக்கணும்" என்று பேசி வைக்கிறோம். விலை 2,500 ஆனால் அவரிடமே கொடுப்போம். 3,500 ஆனால் வெளியே விற்போம். அந்த 100 ரூபாய் போனது போனதுதான்.

இந்த உரிமைதான் ஆப்ஷன். அதற்குக் கொடுத்த 100 ரூபாய்தான் பிரீமியம். விற்கும் உரிமை போலவே வாங்கும் உரிமைக்கும் ஆப்ஷன் உண்டு.

விலை நிலையாக இருக்கும் காலத்தில் வியாபாரி 100 ரூபாய்க்குச் சம்மதிப்பார். தாறுமாறாக ஏறி இறங்கும் என்று தோன்றினால், "300 கொடுங்கம்மா" என்பார். ஆக, பிரீமியத்தை வைத்தே பயம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். விக்ஸ் செய்வதும் இதைத்தான்.

கணக்கு எப்படி?

அமெரிக்காவில் சிகாகோ சந்தை 1993-ல் இதைத் தொடங்கியது. நம் நாட்டில் மும்பை தேசிய பங்குச் சந்தை 2008 முதல் 'இந்தியா விக்ஸ்' வெளியிடுகிறது. 50 பெரிய கம்பெனிகளின் பங்குகள் சேர்ந்த நிஃப்டியின் ஆப்ஷன்களை என்ன விலைக்குக் கேட்கிறார்கள், என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று பார்த்து இந்த எண்ணைக் கணக்கிடுகிறார்கள்.

இது ஆண்டுக் கணக்கில் சொல்லும் சதவீதம். மாதத்துக்குத் தெரிய வேண்டுமானால் சுமார் மூன்றரையால் வகுக்க வேண்டும். விக்ஸ் 14 என்றால் 4 வரும். அடுத்த 30 நாளில் நிஃப்டி 4 சதவீதம் மேலே அல்லது கீழே என்ற எல்லைக்குள் இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு என்று சந்தை நினைக்கிறது.

எது தெரியாது?

சந்தை ஏறுமா, இறங்குமா என்று விக்ஸ் சொல்லாது. 2020 ஜனவரியில் அது 20-க்குக் கீழேதான் இருந்தது. கொரோனா வந்த மார்ச் மாதம் 80-ஐத் தாண்டியது. மார்ச் 23 ஒரே நாளில் நிஃப்டி சுமார் 13 சதவீதம் விழுந்தது. எண் குறைவாக இருப்பதால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை.

இன்னொன்று: பட்ஜெட், தேர்தல் முடிவு நேரத்தில் பிரீமியம் ஏறும். முடிவு வந்ததும் பயம் தணிந்து பிரீமியம் சரியும். ஏறும் என்று சரியாகச் சொல்லி வாங்கியவருக்கும் அப்போது நஷ்டம் வரலாம்.

2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் ஆப்ஷன், ஃபியூச்சர் வியாபாரம் செய்த தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள் என்று செபி 2024-ல் அறிவித்தது.

குழுக் கூட்டத்தில் பேச:

1. குழுக் கடனையும் நகை அடகுப் பணத்தையும் ஆப்ஷனில் போட வேண்டாம்.
2. "விக்ஸ் பார்த்து வாங்கினா லாபம் நிச்சயம்" என்பவரிடம், செபியில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள்.
3. பரஸ்பர நிதியில் மாதாமாதம் நீண்ட காலத்துக்குப் போடுபவர்கள், விக்ஸ் ஏறியது என்று கேட்டதும் பயந்து பணத்தை எடுக்க வேண்டாம்.
4. கடன் கேட்கும் உறுப்பினரிடம், பணம் எதற்கு என்று தயங்காமல் விசாரியுங்கள். அது நம் எல்லோருடைய சேமிப்பு.