வீட்டைப் பூட்டும் முன் பாட்டரியையும் கவனியுங்கள்!

ஊருக்குப் போவதென்றால் நமக்குத்தான் எத்தனை வேலை! பால்காரரிடம் சொல்ல வேண்டும், பேப்பரை நிறுத்த வேண்டும், காஸ் சிலிண்டரை மூட வேண்டும், ஃப்ரிஜ்ஜைக் காலி செய்து துடைத்துக் கதவைத் திறந்து வைக்க வேண்டும், துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிப் பக்கத்து வீட்டில் சாவி கொடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து, கடைசியில் மெயின் ஸ்விட்சை அணைத்து, பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தால்தான் மனசு நிம்மதியாகும்.

அந்த மெயின் ஸ்விட்சில்தான் விஷயமே இருக்கிறது. மெயினை அணைத்தால் வீட்டில் எல்லாமே அணைந்துவிட்டது என்று நினைக்கிறோம் அல்லவா? மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் இன்வர்ட்டருக்கு அப்படித் தோன்றாது. "கரண்டு போய்விட்டது, இனி நம் வேலை" என்றுதான் அது நினைத்துக்கொள்ளும். உடனே பாட்டரியிலிருந்து கரண்டை எடுக்க ஆரம்பித்துவிடும். ஆளில்லாத வீட்டில் யாருக்காக? ஹாலில் அணைக்க மறந்த குட்டி விளக்குக்காக, வைஃபை பெட்டிக்காக!

எங்கள் தெருவில் ஓர் அம்மா, புனேயில் இருக்கும் பெண்ணின் பிரசவத்துக்காகப் போய் ஐந்து மாதம் தங்கிவிட்டு, சென்ற மே மாதம் பெண்ணையும் மூன்று மாதக் குழந்தையையும் அழைத்துக்கொண்டு திரும்பினார். அக்கினி நட்சத்திரம். இரண்டாம் நாள் ராத்திரி டிரான்ஸ்பார்மர் பழுதாகித் தெருவே இருண்டுவிட்டது. இன்வர்ட்டர் இரண்டு நிமிடம் கீச் கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்துவிட்டது. வேர்க்குரு போட்ட பச்சைக் குழந்தை விடிய விடிய அழ, பாட்டியும் அம்மாவும் மாறி மாறிப் பனையோலை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார்கள். காலையில் எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, பாட்டரி போய்விட்டது என்று சொல்லிவிட்டார். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. பதினைந்தாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் விலை! "தொடவே இல்லையேம்மா, சும்மாதானே இருந்தது?" என்று அந்த அம்மாள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். சும்மா இருந்ததுதான் அதற்கு வினையாகிவிட்டது.

இன்வர்ட்டர் என்பது இப்போது ஆடம்பரமான சாமான் இல்லை. 2012-ல் தமிழ்நாட்டில் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது வாங்கியவர்கள் எத்தனையோ பேர். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து டெல்டா ஜில்லாக்களில் நாள் கணக்கில் கரண்டு இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். குழந்தை, வயதானவர், நெபுலைசர் வைத்துக்கொள்ளும் ஆஸ்துமாக்காரர் இருக்கிற வீட்டில் இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் மிக்ஸியைத் துடைத்து வைக்கிற நாம், இதை மட்டும் "அது ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று விட்டுவிடுகிறோம். வீட்டில் அதிக நேரம் இருப்பது யார்? நாம்தானே!

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் முக்கி வைத்த பாட்டரி இது. 1859-ல் பிரான்ஸில் கஸ்தோன் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். இன்றும் சூட்சுமம் அதேதான். ஒரு பாட்டரிக்குள் ஆறு அறைகள்; ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட், மொத்தம் 12 வோல்ட். கரண்டு செலவாகச் செலவாக அமிலம் நீர்த்துக்கொண்டே வரும். அதிலுள்ள சத்து ஈயத்தோடு சேர்ந்து தகட்டின்மேல் மாவு போலப் படியும். திரும்பச் சார்ஜ் ஏற்றினால் அந்த மாவு கரைந்து பழையபடி அமிலமாகிவிடும். ஆனால் சார்ஜ் ஏற்றாமல் அப்படியே வாரக் கணக்கில் போட்டுவிட்டால்? சர்க்கரைப் பாகை இறக்கி மறந்துவிட்டால் கட்டியாக இறுகுமே, அந்தக் கதைதான். இறுகிய பிறகு எத்தனை சார்ஜ் போட்டாலும் அது சரியாகக் கரையாது. தகடு பாழாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. எந்த ஒயரும் மாட்டாமல் தனியாக வைத்தாலும் இந்த மாதிரிப் பாட்டரி தானாகவே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மாதத்துக்குச் சுமார் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டரி பழசானாலோ வெயில் கடுமையானாலோ இன்னும் வேகமாக இறங்கும். ஆனால் இன்வர்ட்டரோடு மாட்டியபடி மெயினை அணைத்துவிட்டுப் போனால் மாதக் கணக்கெல்லாம் இல்லை, நாள் கணக்குதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். 150 ஆம்பியர் பாட்டரி என்றால் 150-ஐ 12-ஆல் பெருக்கினால் 1800 வாட் மணி. வைஃபை பெட்டிக்கு ஒரு 10 வாட், சும்மா ஓடிக்கொண்டிருக்கும் இன்வர்ட்டர் தன் பங்குக்கு ஒரு 15, 20 வாட். இரண்டரை, மூன்று நாளில் பாட்டரி காலி! அதற்குப் பிறகு ஐந்து மாதம் காலியாகவே கிடந்தால் என்ன ஆகும்?

ஆகவே செய்ய வேண்டியது இதுதான்: பாட்டரியை முழுச் சார்ஜில் விட்டுப் போக வேண்டும், அதிலிருந்து யாரும் எடுக்காதபடி செய்துவிட்டுப் போக வேண்டும்.

பத்துப் பதினைந்து நாள்தான் பயணம் என்றால் மெயினை அணைக்காதீர்கள். ஃபேன், விளக்கு, மோட்டார் எல்லாவற்றையும் தனித்தனியே அணையுங்கள், டி.வி., கெய்சர், சார்ஜர் பிளக்குகளைப் பிடுங்கிவிடுங்கள். இன்வர்ட்டருக்குப் போகும் லைன் மட்டும் இருக்கட்டும். கரண்டு இருக்கும் வரையில் அதுவே பாட்டரியை நிரப்பிக்கொண்டு, நிறைந்ததும் குறைத்துக்கொள்ளும். புறப்படுவதற்கு முன் பாட்டரியில் தண்ணீர் மட்டம் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பழைய பாட்டரி, சார்ஜ் ஏறும்போது தொட்டால் சுடுகிறது, அடிக்கடி தண்ணீர் குடிக்கிறது என்றால் ஆளில்லாத வீட்டில் அதை ஓடவிட எனக்குச் சம்மதமில்லை. அதைக் கழற்றிவிட்டே போகலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் என்றால் எந்தப் பாட்டரியையும் கழற்றிவிடுவதே நல்லது. புறப்படுவதற்கு முன் கரண்டு வெட்டு இல்லாத ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏறட்டும். பிறகு இன்வர்ட்டரின் முன்பக்க ஸ்விட்சை அணைத்து, அதன் மெயின் லைனையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து வைத்துக் கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்பு ஒயரை, அதாவது மைனஸை, முதலில் கழற்ற வேண்டும். சிவப்பு அப்புறம். திரும்ப மாட்டும்போது சிவப்பு முதலில், கறுப்பு கடைசியில். இரண்டும் மாறினால் இன்வர்ட்டர் புகைந்துவிடும். பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் செய்துகொள்ளுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். அடுத்த தரம் புரிந்துவிடும்.

நாமே செய்வதானால் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கையிலுள்ள தங்க வளையல், மோதிரம், கழுத்தில் தொங்கும் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். தாலிக் கொடியைக் கழற்ற மனசு வராதவர்கள் ரவிக்கைக்குள் நன்றாகச் செருகிக்கொள்ளுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காது, வாஸ்தவம்தான். ஆனால் உலோகம் எதுவானாலும் இரண்டு முனையையும் ஒன்றாகத் தொட்டுவிட்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து சதையைப் பொசுக்கிவிடும். ஸ்பேனருக்கும் இதே விதிதான். அதன் பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தைத் தாண்டினால், நடுவில் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் நம்பிக்கையான யாராவது வந்து, ஒயரை மாட்டி, ஒரு நாள் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி கழற்ற வேண்டும். துளசிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவருக்கு ஒரு தரம் காட்டிக்கொடுத்தால் போயிற்று. ஏறியதா இல்லையா என்று வோல்ட் மீட்டர் சொல்லிவிடும். சார்ஜை நிறுத்திச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6-க்கு மேல் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும்.

அமெரிக்கா, கனடாவில் காருக்குப் பின்னால் வீடு மாதிரி ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு கோடையில் ஊர் சுற்றுவார்கள். டிரெயிலர் என்று பெயர். குளிர்காலம் முழுக்க அதை மூடிப் போடும்போது அவர்களும் இதையேதான் செய்கிறார்கள். பாட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டு வந்து அவ்வப்போது சார்ஜ் ஏற்றுவார்கள். அங்கே காலியான பாட்டரி உறைந்து வெடித்தே போகும்! நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நமக்கு வெயில்தான் எதிரி.

இப்போது தண்ணீர் சமாச்சாரம். குழாய்ப் பாட்டரிகளில் ஒவ்வொரு மூடியிலும் ஒரு மிதவைக் குச்சி இருக்கும். பச்சை தெரிந்தால் போதும். சிவப்புக்கு இறங்கினால் தண்ணீர் வேண்டும். டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். ஆர்.ஓ. தண்ணீர், கேன் தண்ணீர், ஏ.ஸி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எதுவும் உதவாது. அதில் கலந்திருக்கும் உப்பும் அழுக்கும் தகட்டைக் கெடுக்கும். வழிய வழிய ஊற்றவும் கூடாது, சார்ஜ் ஏறும்போது பொங்கிக் கொட்டிவிடும். அமிலத்தை ஒருபோதும் நாமாக ஊற்றக் கூடாது. செலவாவது தண்ணீர் மட்டுமே.

மீதமான டிஸ்டில்டு வாட்டரையோ அமிலத்தையோ குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தாய்மார்களே, தயவு செய்து வேண்டாம்! தாகத்தோடு ஓடி வரும் பிள்ளை பாட்டிலைப் பார்க்குமா, லேபிளைப் பார்க்குமா? அமிலம் தோலில் பட்டால் உடனே குழாயடியில் பிடித்து இருபது நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், எண்ணெய், பற்பசை எதுவும் தடவாதீர்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே இருபது நிமிடம் கழுவி, தாமதிக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது சுட்டது ஏறும்போதும் சுடும். நேரே ஆஸ்பத்திரிதான். புடவை தப்பியது என்றும் சந்தோஷப்பட வேண்டாம். பருத்திப் புடவையில் தெறித்தால் துவைத்த பிறகுதான் சல்லடை தெரியும்!

முனைகளில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால், ஒயரைக் கழற்றியபின் வெந்நீரில் ஆப்ப சோடா கரைத்துத் துணியில் தொட்டுத் துடையுங்கள். நுரைத்துக்கொண்டு போய்விடும். மூடிகள் இறுகியிருக்கட்டும், சோடா ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது. ஈரம் காய்ந்ததும் கொஞ்சம் வாஸலின் பூசுங்கள்.

ஊரிலிருந்து திரும்பிய அன்று முதல் காரியம், கதவு ஜன்னல்களைத் திறப்பது. சார்ஜ் ஏறும்போது பாட்டரி ஹைட்ரஜன் வாயுவை விடும். அது தீப்பிடிக்கக் கூடியது. அதனால்தான் பூஜை அலமாரிக்கு அடியிலோ அடுப்புக்குப் பக்கத்திலோ பாட்டரி வைக்கக் கூடாது என்பது. அழுகின முட்டை நாற்றம் அடித்தால் விளக்கேற்றவும் வேண்டாம், எந்த ஸ்விட்சையும் தட்டவும் வேண்டாம். குழந்தைகளை வெளியே நிறுத்திவிட்டு நன்றாகக் காற்றாட விட்டு, எலக்ட்ரீஷியனை அழையுங்கள். நாற்றம் எதுவும் இல்லையென்றால் தண்ணீர் மட்டம் பார்த்து, ஒயரை மாட்டி, ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏறிய பிறகு நம்பலாம்.

"ஆசிட்டை மாற்றித் தருகிறேன், புதுசாகிவிடும்" என்று சிலர் வருவார்கள். பாழானது தகடு; ஆசிட்டை மாற்றி என்ன பிரயோஜனம்? செத்த பாட்டரியை முற்றத்தில் போட்டு வைக்கவும் கூடாது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் விஷம். புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். பழைய பாட்டரியைத் திரும்பப் பெற வேண்டிய பொறுப்பு தயாரிப்பாளருடையது என்று 2022-ல் மத்திய அரசு விதியே போட்டிருக்கிறது.

லித்தியம் பாட்டரி வைத்த புது இன்வர்ட்டர்களும் வந்துவிட்டன. தண்ணீர் வேண்டாம், தானாக இறங்குவதும் குறைவு. அவற்றை முழுச் சார்ஜில் மாதக் கணக்கில் விடுவதைவிடப் பாதிக்குச் சற்று மேல் வைத்து அணைத்துப் போவது நல்லது. கூடவே வரும் புத்தகத்தைப் படித்துச் செய்யுங்கள்.

வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கும் உள்ளே ஒரு சின்னப் பாட்டரி உண்டு. ஒரு மாதம், இரண்டு மாதம் சும்மா நின்றால் அதுவும் படுத்துவிடும். கறுப்பு ஒயரைக் கழற்றிவிட்டுப் போகலாம். இல்லையென்றால் லைசென்ஸ் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு நாள் இருபது நிமிடம் ஓட்டச் சொல்லலாம். பெட்ரோல் மட்டும் அளவாகப் போட்டுவிட்டுப் போங்கள்!