பெஞ்சில் இருந்தவர் கோச் ஆன கதை

பாலிடெக்னிக் போட்டிகளுக்கு நம்ம டீம் போகும்போது பன்னிரண்டு பேர் பஸ் ஏறுவோம். கோர்ட்டில் இறங்குவது ஐந்து பேர். மீதி ஏழு பேருக்கு என்ன வேலை? கைதட்டுவது, தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது, “சார், என்னை எப்ப இறக்குவீங்க?” என்று பி.டி. மாஸ்டர் முகத்தைப் பார்ப்பது! அந்த ஏழு பேருக்காகவே இந்தக் கட்டுரை. ஐந்து பேரும் படிக்கலாம், தப்பில்லை.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஸ்டீவ் கெர் என்று ஒருவர். 15 சீசன்களில் 910 ஆட்டங்கள் ஆடினார். அதில் முதல் ஐவரில் ஒருவராக இறங்கியது வெறும் 30 ஆட்டங்களில்தான். சராசரி, ஆட்டத்துக்கு 6 பாயிண்ட். உயரம் 6 அடி 3 அங்குலம். நம்ம ஊரில் இது பனைமரம், அங்கே குள்ளம். வேகமும் கிடையாது, உயரத் தாவவும் வராது. 1988இல் அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுத்தபோது 50ஆவது ஆளாகத்தான் இவர் பெயர் வந்தது. ஆனால் ஆட்டக்காரராக 5, கோச்சாக 4 என மொத்தம் 9 சாம்பியன் பட்டம் இவர் கணக்கில் இருக்கிறது. எப்படி?

தந்தையின் மரணம்

கெர் பிறந்தது 1965இல், லெபனானின் பெய்ரூட் நகரில். தந்தை மால்கம் கெர், மத்தியக் கிழக்கு அரசியலைக் கற்ற பேராசிரியர். பின்னர் பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். 1984 ஜனவரி 18ஆம் தேதி அலுவலக வாசலிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது ஸ்டீவுக்கு வயது 18. அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்.

இரண்டே நாளில் ஒரு மேட்ச். அரங்கம் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சிலிருந்து எழுந்துபோய் ஆடினார், 12 பாயிண்ட் எடுத்தார். நான்கு வருடம் கழித்து எதிரணி ஊரில் சில ரசிகர்கள், செத்துப்போன அப்பாவைச் சொல்லிக் கத்தி வெறுப்பேற்றினார்கள். இவர் பதில் பேசவில்லை. முதல் பாதியிலேயே ஆறு மூன்று-பாயிண்ட் எறிந்து 20 பாயிண்ட் எடுத்துவிட்டார். கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரிந்திருந்தது அந்தப் பையனுக்கு.

ஒரே ஒரு வேலை

“எனக்கு எல்லாம் வரும்” என்று சொல்பவனை விட, “எனக்கு இந்த ஒன்று நல்லா வரும்” என்பவனுக்குத்தான் ஒர்க் ஷாப்பில் மதிப்பு. கெரின் ஒன்று, தூரத்திலிருந்து எறிவது. அவர் எறிந்த மூன்று-பாயிண்ட்களில் 100க்கு 45 கூடையில் விழுந்தன. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிக உயர்ந்த சதவீதம் இதுதான்.

1993இல் சிகாகோ புல்ஸ் அணிக்கு வந்தார். அங்கே மைக்கேல் ஜோர்டான்! 1995இல் பயிற்சி முகாமில் இருவருக்கும் வாய்த்தகராறு முற்றி, ஜோர்டான் கண்ணுக்குக் கீழே ஒரு குத்து விட்டார். அன்றைக்கே போன் செய்து மன்னிப்பும் கேட்டார். எதிர்த்து நின்றதால்தான் ஜோர்டானுக்குத் தன் மேல் நம்பிக்கை வந்தது என்று கெர் பின்னாளில் சொன்னார்.

அந்த நம்பிக்கைக்குச் சோதனை 1997 இறுதிப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் வந்தது. எதிரணி யூட்டா ஜாஸ். ஸ்கோர் 86-86, மிச்சம் சில விநாடிகள். பந்து ஜோர்டானிடம்தான் போகும் என்று உலகத்துக்கே தெரியும். அவரை மடக்க இரண்டு பேர் வருவார்கள், அதனால் ஒருவன் காலியாக நிற்பான். நான் ரெடி என்று கெர் இடைவேளையிலேயே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. பாஸ் வந்தது, எறிந்தார், விழுந்தது. கோப்பை சிகாகோவுக்கு!

அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியில் அவருக்குப் பெரிய வேலை எதுவும் இல்லை. ஆனால் கூப்பிட்ட நேரத்தில் கை சூடாக இருந்தது. 2003இல் 37 வயதில், சான் அன்டோனியோ அணிக்காக டல்லாசில் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து எறிந்த நான்கு மூன்று-பாயிண்ட்களும் விழுந்ததும் இதே கதைதான்.

பெஞ்ச் என்னும் வகுப்பறை

பில் ரஸல் மாதிரி பெரிய நட்சத்திரங்களும் கோச்சாக ஜெயித்ததுண்டு. அதற்காக பெஞ்சில் உட்கார்ந்தவர் எல்லாம் கோச் ஆகிவிட முடியாது. ஆனால் ஒரு வசதி உண்டு. பிறவித் திறமைசாலிக்குக் கை தானாகப் போகும், ஏன் போகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. திறமை குறைந்தவன் ‘ஏன்’ என்று கேட்டே கற்றுக்கொள்ள வேண்டும். லென்னி வில்கன்ஸ், பில் ஜாக்சன், கிரெக் போபோவிச் என்ற மூன்று பெரிய கோச்சுகளிடம் கெர் ஆடியிருக்கிறார். அவர்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததெல்லாம் பாடம்.

2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்குக் கோச் ஆனார். அதற்கு முன் எந்த அணிக்கும் கோச்சாக இருந்ததில்லை. அணியில் ஸ்டீபன் கரி, கிளே தாம்சன் என்று அற்புதமான எறிகாரர்கள். குறை எங்கே? முந்தைய சீசனில் ஆட்டத்துக்குச் சுமார் 245 பாஸ். 30 அணிகளில் கடைசி இடம். கெர் வைத்த இலக்கு, 300 பாஸ்.

இதில் என்ன சூட்சுமம்? ஆளை விடப் பந்து வேகமாக ஓடும். ஒருவனே தட்டிக்கொண்டு நின்றால் ஐந்து தடுப்பாட்டக்காரர்களும் நின்ற இடத்தில் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். பந்து கைமாறக் கைமாற அவர்கள் திரும்பித் திரும்பி ஓட வேண்டும், நாலாவது பாஸில் எவனோ ஒருவன் காலியாக நிற்பான். 1997இல் கெர் நின்ற அதே காலி இடம்! முதல் சீசனிலேயே 82 ஆட்டத்தில் 67 வெற்றி. 40 வருடத்துக்குப் பிறகு அந்த அணிக்குச் சாம்பியன் பட்டம்.

அந்த சீசனில் ஆந்த்ரே இக்வாடாலாவை பெஞ்சுக்கு மாற்றினார் கெர். அதுவரை ஆடிய எல்லா என்.பி.ஏ. ஆட்டத்திலும் முதல் ஐவரில் இறங்கியவர் அவர். வருத்தம் இருந்தும் ஒப்புக்கொண்டார். இறுதிப் போட்டியில் 1-2 என்று பின்தங்கியபோது, அவரை முதல் ஐவரில் இறக்கலாம் என்று யோசனை சொன்னது நிக் யுரென் என்ற 28 வயது உதவியாளர். கெர் கேட்டார், ஜெயித்தார். யோசனை யாருடையது என்று பெயர் சொல்லிப் பாராட்டினார். தொடரின் சிறந்த வீரர் விருது இக்வாடாலாவுக்கு!

ஏற்றமும் இறக்கமும்

2015-16இல் 73 வெற்றி, 9 தோல்வி என்று சாதனை. ஆனால் இறுதிப் போட்டியில் 3-1 முன்னிலையில் இருந்தும் கோப்பை கைவிட்டுப் போனது. 2017, 2018இல் மறுபடி பட்டம். 2019-20இல் 15 வெற்றி, 50 தோல்வி, லீகிலேயே மோசமான கணக்கு. 2022இல் மீண்டும் சாம்பியன். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்சை 98-87 என்று வென்ற அமெரிக்க அணிக்கும் இவரே கோச்.

2022 மே 24ஆம் தேதி டெக்சாஸின் உவால்டியில் ஒரு பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் ஒருவன் சுட்டுக் கொன்றான். அன்றைக்கு முக்கியமான ஆட்டம். நிருபர்கள் முன் வந்த கெர், கூடைப்பந்து பற்றிப் பேச மாட்டேன் என்று சொல்லி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் தடுக்கும் அரசியல்வாதிகளைப் பார்த்து மேசையைத் தட்டிக் கேள்வி கேட்டார். குண்டுக்குத் தந்தையைப் பறிகொடுத்த பதினெட்டு வயதுப் பையன் அன்றைக்கும் அவருக்குள் இருந்தான்.

நண்பர்களே! அடுத்த முறை பெஞ்சில் உட்கார்ந்தால் வாட்சைப் பார்க்காதீர்கள், ஆட்டத்தைப் பாருங்கள். எதிரணியில் எவன் இடது கையில் தடுமாறுகிறான், நம்மவனில் எவன் பாஸ் கொடுக்காமல் அமுக்குகிறான் என்று கவனியுங்கள். சார் கூப்பிடும்போது ஷூ லேஸ் கட்டியிருக்கட்டும். கூப்பிடவே இல்லையா? பரவாயில்லை. பார்த்தது வீண் போகாது. நாளைக்கு ஒரு ஜூனியருக்குச் சொல்லிக்கொடுக்க உங்களிடம் ஏதாவது இருக்கும்.