பழைய ஜீப்பின் ஸ்டீயரிங் ஏன் உதறுகிறது?

ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறுகிறது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகிறது. பழைய மஹிந்திரா ஜீப் போன்ற வண்டிகளில் இது ஏன்?

இவற்றின் முன்சக்கரங்கள் இரண்டும் ஒரே இரும்பு ஆக்சிலில் இணைந்தவை. ஒரு சக்கரம் எழும்பினால் ஆக்சில் சாயும். சுழலும் சக்கரம் சாயும்போது பக்கவாட்டில் திரும்ப முனையும். இது கைரோஸ்கோப் விளைவு. ஸ்டீயரிங், ஆக்சில் மூட்டுகள் இறுக்கமாக இருந்தால் உதறல் உடனே அடங்கிவிடும். கிங்பின், டை ராடு எண்ட், பட்டை ஸ்பிரிங் புஷ் போன்ற மூட்டுப் பாகங்கள் தேய்ந்திருந்தால், ஆட இடம் கிடைக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் சக்கரம் சுற்றும் தாளம் இந்த ஆட்டத்தின் இயல்பான தாளத்தோடு ஒத்துப்போகும். சரியான நேரத்தில் தள்ளிய ஊஞ்சல்போல் ஆட்டம் பெருகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக அசைக்கட்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கட்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் தாமதித்தால், தேய்மானம் அங்கேதான்.

அடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், மற்றவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டாம்பரை மட்டும் மாற்றினால் உதறல் சில காலம் மறையும், தேய்மானம் தொடரும்.