இடது கண் எந்த மூளைக்குப் போகிறது?

தேநீர்த் தம்ளரை மேசையில் கொஞ்சம் இடப்பக்கமாகத் தள்ளி வையுங்கள். எதிர்ச்சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடியே இடது கண்ணைப் பொத்துங்கள். தம்ளர் இன்னும் தெரிகிறது, இல்லையா? இடப்பக்கத்து உலகத்தை வலது கண்ணும் பார்க்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

‘இடது கண் வலது மூளைக்கு, வலது கண் இடது மூளைக்கு’ என்றுதான் பெரும்பாலோர் நினைத்திருக்கிறோம். கை கால்களுக்கு அப்படி இடம் வலம் மாறுவது உண்மை. அதையே கண்ணுக்கும் பொருத்திவிடுகிறோம். ஆனால் மனித மூளை காட்சியைத்தான் இரண்டாகப் பங்கிடுகிறது. இரு கண்களும் காண்பதில் இடப்பாதி வலது மூளைக்கு, வலப்பாதி இடது மூளைக்கு. பக்கவாதத்தில் வலது மூளையின் பின்பகுதி கெட்டவர், ‘இடது கண் தெரியவில்லை’ என்றே சொல்லக்கூடும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திச் சோதித்தால், இரண்டு கண்ணிலுமே இடப்பாதிக் காட்சி போயிருக்கும்.

இது எப்படி நடக்கிறது? கண்ணுக்குள் காட்சி இடம் வலம் மாறித்தான் விழுகிறது. இடப்பக்கத்துத் தம்ளர் இரு விழித்திரைகளிலும் வலப்பாதியில் விழும். அந்த வலப்பாதி, இடது கண்ணில் மூக்கை ஒட்டியது. வலது கண்ணில் காதுப் பக்கம். இரண்டும் வலது மூளைக்கே போய்ச் சேர வேண்டுமானால், மூக்குப்பக்க நரம்பிழைகள் கடக்க வேண்டும், காதுப்பக்க இழைகள் கடக்காமல் தங்க வேண்டும். மூளையின் அடியில் இரு பார்வை நரம்புகளும் சந்திக்கும் ‘கயாஸ்மா’வில் இதுதான் நடக்கிறது. ஜங்ஷனில் ஒரே ரயிலின் பெட்டிகளைப் பிரித்து இரண்டு ஊர்களுக்கு அனுப்புவதுபோல. ஒரு கண்ணிலிருந்து வரும் சுமார் 10 லட்சம் இழைகளில் பாதிக்குச் சற்று மேல் கடக்கின்றன. நியூட்டன் 1704இல் வெளியிட்ட ஒளியியல் நூலிலேயே இப்படியொரு பாதிப் பிரிவை ஊகித்திருந்தார். எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இப்போது ஆய்வுக்கூடத்துச் சுண்டெலியைப் பார்ப்போம். அதற்குக் கண்கள் பக்கவாட்டில். இரு கண்களும் சேர்ந்து பார்க்கும் பரப்பு குறைவு. அதனால் நூற்றுக்குச் சுமார் 95 இழைகள் கடந்துவிடுகின்றன. நம்மிடம் பிழையான அந்த நம்பிக்கை, எலியிடம் ஏறக்குறைய சரி! பூனை நடுவில் நிற்கிறது: மூன்றில் ஒரு பங்கு கடக்காமல் தங்கும். மக்காக் குரங்கு நம்மைப் போலவே.

அடுத்த நிறுத்தமும் வேறு. நமக்கும் குரங்குக்கும் பெரும்பாலான இழைகள் ‘தலாமஸ்’ என்ற மூளைப்பகுதி வழியாக மூளையின் புறணிக்குப் போகின்றன. எலியிடமோ மிகப் பெரும்பாலானவை, தலையையும் கண்ணையும் சட்டெனத் திருப்ப வைக்கும் நடுமூளை மேட்டுக்கு ஒரு கிளை அனுப்புகின்றன. அதனால் எலியில் கண்டதை மனிதருக்குச் சொல்லும் முன், எந்தப் பாதையில் கண்டது என்று கேட்பது அவசியம்.

ஒரே இனத்துக்குள்ளும் கேட்க வேண்டியிருக்கிறது. சயாமியப் பூனைகளில் கடக்கக் கூடாத இழைகளும் கடந்துவிடுவதை 1969இல் ஆய்வாளர் கில்லரி காட்டினார். கண்ணில் நிறமி குறைந்தால் வழி பிசகுகிறது. நிறமியற்ற மனிதரிடமும் அப்படியே. வெள்ளை எலிகளும் நிறமியற்றவைதாம். பார்வை ஆய்வுக்குக் கறுப்புச் சுண்டெலியைத் தேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.