செம்பருந்தின் இறகும் அகவையும்

வேங்கிக்கால் ஏரிக்கரையில் காலைப்பொழுதில் நிற்பார்க்குப் பருந்துகள் வட்டமிடும் காட்சி புதிதன்று. வெண்டலையும் செம்மேனியும் உடையதொன்று தலைக்கு மேல் வருமாயின், வழிச்செல்வோர் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வர். பின்னே பழுப்புப் பறவையொன்று வரின், கோழிக்குஞ்சு கவரும் பருந்தென்று கல்லெடுப்பாரும் உளர். தொழப்பட்டது தாயும், கல்லெறி பட்டது அதன் சேயுமாக இருத்தல் கூடும். இதனையே யாம் ஈண்டு விளக்கப் புகுந்தோம்.

கூடு விட்டெழும் இளஞ் செம்பருந்து உடல் முழுதும் பழுப்பாயிருக்கும். தலையிலும் மார்பிலும் வெளிறிய கீற்றுக்கள் ஓடும். இரண்டாம் ஆண்டில் தலையும் மார்பும் மேலும் வெளிறும். மூன்றாம் ஆண்டளவில் முழுக்கோலம் பூணும். அதன்பின் நாலாண்டுப் பறவைக்கும் பத்தாண்டுப் பறவைக்கும் இறகில் வேற்றுமை காண்டல் அரிது. ஆதலின் இறகு கொண்டு அகவை கூறல் இளமைக்கே பொருந்தும். "இது கிழப்பருந்து" எனத் துணிந்து கூறுவாரை நம்பற்க. இதன் உறவினதாகிய அமெரிக்க வெண்டலைக் கழுகு, 1782-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டு முத்திரையில் விளங்குவது, வெண்டலை பெற ஏறத்தாழ ஐந்தாண்டு கொள்ளும். நம் பறவையின் புகழும் சிறிதன்று. பிரெஞ்சு அறிஞர் பிரிசோன் 1760-இல் இதனைப் "புதுச்சேரிக் கழுகு" என்றே எழுதினார்.

இனி, இளஞ் செம்பருந்தைக் கரும்பருந்தினின்று பிரித்தறிவது எங்ஙனம்? வாலை நோக்குக. கரும்பருந்தின் வால்நுனி கவைபட்டிருக்கும். செம்பருந்தின் வால் இளமையிலும் வட்டமாகவே முடியும். ஆயினும் கரும்பருந்து வாலை விரித்துத் திரும்புங்கால் அக்கவை மறைந்துவிடும். ஆகவே ஒரு படத்தை வைத்து முடிவு செய்தல் தகாது. ஒரே பறவையைத் தொடர்ந்து பல படங்கள் எடுத்தல் வேண்டும். சிறகின் கீழே, மணிக்கட்டுப் போன்ற மடிப்பருகே, வெளிறிய சதுரத் திட்டு தோன்றின் ஐயம் பெரிதும் தீரும்.

படம் எடுப்பார்க்கு ஒளியே பெருந்தொல்லை. வானத்தின் ஒளிக்கு அளவிட்டால் பழுப்புப் பறவை கரிய நிழலாகும். செம்மேனிக்கு அளவிட்டால் வெண்டலை வெறும் வெள்ளையாய் மெல்லிய கீற்றுக்களை இழக்கும். நண்பகல் ஆகாது. இளவெயிலில் கதிரவன் நம் முதுகுப்புறம் இருப்ப நின்றால், சிறகின் அடிப்புறமும் விளங்கும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும் இயற்கை ஆய்வாளருமாகிய மா. கிருஷ்ணன் (1912-1996) கறுப்பு வெள்ளைப் படங்களாலேயே பெயர் பெற்றார். அத்தகைய படத்தில் செம்மையும் பழுப்பும் ஏறக்குறைய ஒன்றாய்விடும். அங்கே வாலின் வடிவே துணை.

இத்துணை நுணுக்கம் எதற்கெனின், வெண்டலைகளை மட்டும் எண்ணுவோன் ஓரேரியில் பறவைகள் நிலைத்துள்ளன என்றே கருதுவான். பழுப்புப் பறவைகள் ஆண்டுதோறும் குறைந்து வருமாயின், அவ்வெண்டலைகளுக்குப் பின் வருவார் இலர் என்பது அவனுக்குப் புலப்படாது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை இவை கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது கூடுள்ள மரத்தை அணுகற்க. கோடை கழிந்து ஏரிக்குச் செல்லும் மாணவ நண்பர், கருடனை விடுத்து, அதன் பின்வரும் பழுப்புப் பறவையின் வாலை முதலில் படமெடுப்பாராக.