அடுப்படி உலகம் – 7: வீட்டுக்குப் பின்னால் எரியும் அடுப்பு

ஒரு கைப்பிடி பூண்டையும் ஊசிமிளகாயையும் கல்லுரலில் நசுக்கி, புகை கிளம்பும் எண்ணெயில் போட்டால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். தொண்டை கமறும், கண் எரியும், மாடியில் இருப்பவர் தும்முவார். தாய்லாந்தில் இது அன்றாடம் நடப்பது. இறைச்சியும் மீன் சாறும் சேர்த்து, கடைசியில் நாம் மாடத்தில் வைத்துக் கும்பிடும் அதே துளசியை இலை இலையாகப் போட்டு இறக்கும் 'பாட் கப்ராவ்' அங்கே எந்த வீட்டிலும் பத்து நிமிடத்தில் தயாராகும் மதிய உணவு. இதோடு இறாலைப் புளிக்கவைத்த விழுது, கருவாட்டையும் மிஞ்சும் வாசனையுள்ள புளித்த மீன், நெருப்பில் சுட்ட மிளகாய் என்று சேர்த்துப் பாருங்கள். இந்தச் சமையலை நாலு சுவருக்குள் அடைத்து வைக்க முடியாது. தாய்லாந்துக்காரர்கள் அடுப்பை வெளியே வைத்தது வசதி இல்லாததால் அல்ல, சாப்பாட்டின் குணம் அறிந்ததால் என்பது என் உறுதியான எண்ணம்.

மத்திய தாய்லாந்தின் பழைய மரவீட்டைப் பார்த்தால் இது விளங்கும். தூண்கள்மேல் ஆளுயரத்துக்குத் தூக்கிய அகலமான மரத்தளம். அதன்மேல் படுக்க ஒரு வீடு, பிள்ளைகள் கல்யாணமானால் இன்னொரு வீடு, சமைக்க ஒரு வீடு என்று தனித்தனிக் கூரைகள். நடுவில் வானம் பார்த்த முற்றம். மற்றக் கூரைகளின் முக்கோண முகப்பைப் பலகையால் அடைத்துவிடுவார்கள். சமையல் வீட்டு முகப்பில் மட்டும், பாதிச் சூரியனிலிருந்து கதிர்கள் விரிவதுபோல், சட்டங்களை இடைவெளி விட்டு அடிப்பார்கள். பார்வைக்கு அலங்காரம், வேலையில் புகைபோக்கி. தரைப்பலகைகளுக்கு நடுவேயும் சந்து உண்டு. பாத்திரம் கழுவிய தண்ணீர் அதன் வழியே நேரே மண்ணுக்குப் போய்விடும். மரத்தரையில் நெருப்பு மூட்டுவது எப்படி? மரச்சட்டத்துக்குள் மண்ணைக் கொட்டி இறுக்கி, அதன்மேல் அடுப்பை வைத்தார்கள். அப்படியும் தீப்பிடித்தால் எரிவது சமையல் வீடாக இருக்கட்டும், உறங்கும் வீடு தப்பட்டும் என்ற கணக்கும் தனிக்கூரைக்குப் பின்னால் இருக்கிறது.

அந்த அறையில் கண்ணை இழுக்கும் பொருள்கள் பல. தேங்காய் துருவ, முயல் வடிவில் செதுக்கிய மணை. அதன் முதுகில் உட்கார்ந்து, முகத்திலிருந்து நீளும் இரும்புப் பல்லில் தேங்காய் மூடியைத் துருவ வேண்டும். குழம்பு விழுது அரைக்கக் கருங்கல் உரல். சோன்புரி மாகாணத்து ஆங் சிலா ஊர்க் கல்லுரலுக்கு நாடு முழுக்கப் பேர். பச்சைப் பப்பாளி 'சோம் தாம்' இடிக்க மட்டும் மண் உரலும் மர உலக்கையும் தனி. கல்லில் இடித்தால் பப்பாளி கூழாகிவிடும். வலைக்கதவு போட்ட சாப்பாட்டு அலமாரியின் நான்கு கால்களும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிற்கும், எறும்பு ஏறாமலிருக்க. வாசலில் மழைத்தண்ணீர் பிடிக்க ராட்சபுரியின் டிராகன் சித்திரம் போட்ட பெரிய ஜாடிகள். கழுவுநீர் ஓடும் பக்கம் எலுமிச்சைப் புல், பேரரத்தை, துளசி, மிளகாய்ச் செடி. உலை கொதிக்க ஆரம்பித்த பிறகு இறங்கிப்போய்ப் பறித்துவரும் தூரத்தில்தான் தோட்டம். பழைய மரவீடு ஒன்றை நேரில் பார்க்க விரும்பினால், பாங்காக்கின் அசோக் பகுதியில் சயாம் சொசைட்டி வளாகத்தில் காம்தியெங் வீடு இருக்கிறது. சியாங் மாயில் 1848 வாக்கில் கட்டி, பிறகு பெயர்த்துக் கொண்டுவந்த தேக்கு வீடு. பாங்காக் போகிறவர்கள் அரண்மனைக்கு ஒதுக்கும் நேரத்தில் ஒரு மணி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம்.

அடுப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. சீனர்கள் வழி வந்த 'ஆங் லோ', தகர வாளிக்குள் சுட்ட மண்ணை வைத்த கரி அடுப்பு. கையில் தூக்கிக்கொண்டு எங்கே நிழலோ அங்கே வைத்துச் சமைக்கலாம். 1980களின் முற்பகுதியில் அரசு ஆய்வாளர்கள் இதைச் சீர்திருத்தினார்கள். கரி போடும் குழியைச் சிறிதாக்கினார்கள். பாத்திரத்துக்கும் விளிம்புக்கும் நடுவே உள்ள சந்தைக் குறைத்தார்கள். வாளிக்கும் மண்ணுக்கும் இடையில் நெல் உமிச் சாம்பலை அடைத்தார்கள். கரி மிச்சமானது. இன்று பெரும்பாலான வீடுகளில் 15 கிலோ காஸ் சிலிண்டர் வந்துவிட்டது. ஆனாலும் மீன் சுட, மிளகாய் சுட அந்த வாளி அடுப்பு பின்பக்கம் காத்திருக்கிறது.

இப்போது பாங்காக் புறநகரின் டவுன்ஹவுஸ் வரிசைகளுக்கு வருவோம். கட்டுநர் உள்ளே பளபளப்பான ஒரு சமையலறை கொடுப்பார். 'பரங்கிச் சமையலறை' என்றே அதைச் சொல்வார்கள். காபி போட, ரொட்டி வாட்ட, விருந்தாளி பார்க்க. குடிவந்த சில மாதங்களில் வீட்டுக்காரர் பின்பக்கம் சட்டப்படி காலியாக விட்ட சந்தில் தகரக் கூரை போட்டு, சிமெண்ட் மேடை கட்டி, அசல் சமையலறையை உருவாக்கிவிடுவார். இங்கேதான் தொல்லை. பாங்காக் நிற்பது பத்து மீட்டருக்கும் மேல் ஆழமான இளகிய களிமண்மேல். வீட்டின் பைல் தூண்கள் அந்தச் சேற்றைத் தாண்டி இருபது மீட்டர் அளவுக்கு இறங்கிக் கெட்டி மண்ணில் ஊன்றியிருக்கும். பின்னால் ஒட்டிய சமையலறையின் குட்டைத் தூண்கள் சேற்றிலேயே மிதக்கும். வருடங்கள் போகப் போகச் சமையலறை மட்டும் அமிழும். சுவர் விரியும், ஓடு பெயரும், மழை ஒழுகும். இரண்டையும் கம்பி கோத்து இணைத்திருந்தால் இன்னும் மோசம், அமிழும் பகுதி நல்ல வீட்டையும் பிடித்து இழுக்கும்.

வாங்குகிறவர் எங்கே சமைப்பார் என்று கட்டுநருக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான் பின்பக்கத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே பைல் இறக்கிக் கொடுக்கும் திட்டங்கள் இப்போது விளம்பரத்தில் வருகின்றன. அது எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக வேண்டும் என்பேன். பழைய சமையல் வீட்டில் காற்று நான்கு பக்கமும் வந்தது. இன்று ஏப்ரல் வெயிலில் தகரத்துக்கு அடியில், இருபக்கமும் அண்டை வீட்டுச் சுவர் நெருக்க, கடாயின் முன் நிற்பவர் பெரும்பாலும் வீட்டுப் பெண். அவருக்குச் சூரியக்கதிர் முகப்பு போன்ற ஒன்றை யாரும் வரைந்து தரவில்லை.

காண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகளில் அந்தப் பின்பக்கச் சந்தும் இல்லை. பல கட்டடங்களில் சிலிண்டருக்கு அனுமதி கிடையாது, இண்டக்‌ஷன் அடுப்புதான். பல சிம்னிகள் புகையை வெளியே தள்ளுவதில்லை. கரி வடிகட்டியில் ஓட்டித் திரும்ப அறைக்குள்ளேயே விடுகின்றன. உரலில் இடித்தால் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மலிவான வாடகை அறைகளில் சமையலறை என்ற பகுதியே இருக்காது. வேலைவிட்டு வருகிறவர்கள் சந்து முனையில் குழம்பையும் சோற்றையும் ரப்பர் பேண்ட் சுற்றிய பிளாஸ்டிக் பைகளில் வாங்கிப் போகிறார்கள். பாங்காக்கின் தெருச் சாப்பாட்டை உலகம் கொண்டாடுகிறது. அந்தத் தள்ளுவண்டிகள் அத்தனை நெருக்கமாக நிற்க, அடுப்பு மூட்ட இடமில்லாத ஆயிரக்கணக்கான அறைகளும் ஒரு காரணம். அந்த அறைகளின் சமையலறை நடைபாதைக்கு வந்துவிட்டது. நடைபாதையிலிருந்து வண்டிகளை அகற்றும் ஒவ்வொரு உத்தரவும் அங்கே வசிப்பவர்களின் இரவுச் சாப்பாட்டைத் தொடுகிறது.

(தொடரும்)